மயில்துத்தம் கலக்காத பசை

மாடு புல்லைச் செரிக்கிறது என்று இந்த நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் நம்புகிறார்கள், அண்ணாச்சி. நீங்களும் நம்புவீர்கள். தப்பில்லை, படித்தவர்களே நம்புகிறார்கள். ஆனால் மிகுந்த வருத்தத்தோடும் பொறுப்போடும் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: மாடு புல்லைச் செரிப்பதில்லை. இன்றுவரை எந்த மாடும் ஒரே ஒரு வைக்கோலைக்கூடத் தன் சொந்த முயற்சியால் செரித்தது கிடையாது. ஆடும் அப்படித்தான். உங்கள் கிடாவும் அப்படித்தான்.

கோபப்படாதீர்கள். கிடாவைக் குறை சொல்லவில்லை. நல்ல கிடாதான். எத்தனை கல்யாணப் பத்திரிகை தின்றது என்று சொன்னீர்கள்? முப்பத்தைந்தா? உறையோடா? அந்தக் கல்யாணத்து மறுவீட்டுக் கறிவிருந்துக்குத்தானே இதை வளர்க்கிறீர்கள்? சரி, அழைப்பு இல்லாமல் எப்படிப் போவது என்று நினைத்திருக்கும்.

பயப்படாமல் உட்காருங்கள். தாள் விஷம் இல்லை. உங்கள் டோக்கன் பதினான்கு, என்னுடையது பதின்மூன்று. இப்போதுதான் ஆறு உள்ளே போயிருக்கிறது. இந்த மாட்டாஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாகத்தான் பார்ப்பார். அந்த வேப்பமரத்தடியில் நிற்கிறதே செவலைப் பசு, அதுதான் நான் கூட்டிவந்தது. என்னுடையது இல்லை. முப்பிடாதி என்று எங்கள் தெருவில் பால் ஊற்றுகிற அம்மாளுடையது. பெயர் செண்பகம். முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பி ஏன் கட்டியிருக்கிறேன் என்று பார்க்கிறீர்களா? இந்தப் பக்கம் மதில் இருக்கிறது. மதிலில் போஸ்டர் இருக்கிறது. அது ஒரு கதை.

கதைக்கு வருகிறேன். அதற்கு முன் புல்லைச் செரிப்பது யார் என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்க மாட்டீர்கள் போலிருக்கிறது. பரவாயில்லை, நானே சொல்கிறேன். வயிற்றின் முதல் அறையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. வேலை எல்லாம் அவர்களுடையது. மாடு வீட்டுக்காரர் மாதிரி. இடம் கொடுத்திருக்கிறது, அவர்கள் செய்து தருவதைச் சாப்பிடுகிறது. வீட்டுக்காரர் வீட்டைக் கட்டினார் என்று சொல்லலாம், சமையல் செய்தார் என்று சொல்லலாமா?

என் பெயர் காந்திமதிநாதன். மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியராக முப்பத்தொரு வருடம் இருந்தேன். அந்த முப்பத்தொரு வருடத்தில் ஒரு வருடம்கூட நான் செல்லுலோஸ் நடத்தியது இல்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். பாடத்தில் முதலில் சர்க்கரை வரும், அடுத்து ஸ்டார்ச் வரும், அதாவது மாவுச்சத்து. மூன்றாவது செல்லுலோஸ். நான் ஒன்றைச் சொன்னால் அதன் பின்னணியோடு சொல்வேன். பின்னணியின் பின்னணியையும் விடமாட்டேன். ஸ்டார்ச்சின் நடுவில் மணி அடித்துவிடும். மறுநாள் புதுப் பாடம். மீதியை நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வருவேன். முப்பத்தொரு வருடமும் ஸ்டார்ச்சிலேயே மணி அடித்தது.

வீட்டிலும் அப்படித்தான். என் மனைவி உலகம்மாள் பொறுமைசாலி. ஆனால் நான் "குளுக்கோஸ்" என்று ஆரம்பித்ததும் அவளுக்கு அடுப்பில் ஏதாவது பொங்கும். அடுப்பைப் பற்றவைக்காத நேரத்திலும் பொங்கியிருக்கிறது.

போன வருடம் எங்கள் பேரூராட்சிக்குத் தேர்தல் வந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு வார்டு உறுப்பினரும் ஐந்து நிமிடம் எதைப் பற்றியும் பேசலாம். குறுக்கே பேசக் கூடாது. எழுந்து போகவும் கூடாது. பேசியதை ஒருவர் எழுதிக்கொள்வார். யோசித்துப் பாருங்கள் அண்ணாச்சி. மாதம் ஐந்து நிமிடம் என்றால் வருடத்துக்கு அறுபது நிமிடம். ஸ்டார்ச்சைத் தாண்டிவிடலாம். நான் ஒன்பதாவது வார்டில் சுயேச்சையாக நின்றேன்.

குடிநீர், சாக்கடை எல்லாம் எனக்கும் தெரியும். அதையும் செய்திருப்பேன். ஆனால் மனதுக்குள் இருந்தது அந்த ஐந்து நிமிடம்தான். உங்களிடம் சொல்வதற்கென்ன.

எனக்குக் கிடைத்த சின்னம் கட்டில். எனக்குப் பரம சந்தோஷம். மரச்சட்டம், பருத்தி நாடா, இரண்டுமே செல்லுலோஸ். எதிர்த்து நின்றவர் பால்துரை. பந்தல்கடை வைத்திருக்கிறார். ஊரில் எந்த விசேஷம் என்றாலும் சேர், மேஜை, சாமியானா எல்லாம் அவரிடம்தான். டீக்கடையில் நின்றுகொண்டு என் காதில் விழும்படி சொன்னார்: "சாருக்குப் பொருத்தமான சின்னம்தான் கெடச்சிருக்கு. அவரு பேச ஆரம்பிச்சா நமக்குப் படுக்க எடம் வேண்டாமா?" எல்லாரும் சிரித்தார்கள். நான் அவருக்குச் செல்லுலோஸ் பற்றி விளக்கப் போனேன். டீக்கடைக்காரருக்கு உடனே பால் பொங்கியது.

போஸ்டர் அடிக்கப் போனேன். பால்துரை போஸ்டரில் அவர் முகமும் சின்னமும் கும்பிட்ட கையும்தான் இருக்கும். நான் பதினெட்டு வரி எழுதிக் கொடுத்தேன். அச்சகத்துக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "சார், தூரத்துலேருந்து பாத்தா எறும்பு ஊருத மாதிரில்லா இருக்கு. பாதியக் கொறைச்சிருவோமா?" என்றார். "பக்கத்தில் வந்து படிக்கட்டும்" என்றேன். பக்கத்தில் வந்தது யார் என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் போஸ்டர் ஒட்டுவது சங்கரபாண்டி. இருபத்தைந்து வருட அனுபவம். தொழில் தெரிந்தவர். போஸ்டர் கட்டைப் பார்த்ததும், "சார், பசைக்கு மைதா ரெண்டு கிலோ, மயில்துத்தம் ஒரு கை" என்றார்.

மயில்துத்தம் உங்களுக்குத் தெரியும். நீலமாக, கட்டி கட்டியாக, உரக்கடையில் விற்கும். செடிக்குப் பூசணம் பிடித்தால் அடிப்பார்கள். தாமிர உப்பு அது. சுத்தமான விஷம். "அது எதற்கு?" என்று கேட்டேன்.

"அது போடலேன்னா மாடு தின்னுரும் சார்."

"போட்டால்?"

"மோந்து பாத்துட்டுப் போயிரும்."

"மோந்து பார்க்காமல் தின்றுவிட்டால்?"

சங்கரபாண்டி யோசித்தார். "அப்படி எந்த மாடும் இதுவரைக்கும் தின்னதில்ல சார்."

இதுதான் அண்ணாச்சி, படிப்பு இல்லாத அனுபவம். இதுவரைக்கும் இல்லை என்பது ஒரு வாதமா? வாயில்லாச் சீவனுக்கு விஷம் வைத்து நான் ஐந்து நிமிடம் வாங்க வேண்டுமா? முடியாது என்று சொல்லிவிட்டேன். பசையை நானே காய்ச்சினேன். மயில்துத்தம் கலக்கவில்லை. அந்தக் கொள்கையில் இன்றுவரைக்கும் எனக்குச் சந்தேகம் கிடையாது.

முதல் நாள் சாயங்காலம் நூற்றைம்பது போஸ்டர் ஒட்டினோம். மறுநாள் காலையில் பார்க்கப் போனேன். மாரியம்மன் கோவில் மதிலில் பால்துரை வரிசையாக நின்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் என்னுடைய இடமெல்லாம் துடைத்து வைத்தது மாதிரி சுத்தமாக இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் கட்டிலின் ஒரு கால் மிச்சம். கீழே செண்பகம் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. பதினெட்டு வரியையும் முழுக்க உள்வாங்கியது அது ஒன்றுதான்.

எனக்கு வருத்தம் இல்லை. பசை சரியாகப் பிடிக்கவில்லை, அதனால் உரிந்திருக்கிறது என்று ஆராய்ந்து முடிவு செய்தேன். மைதாவில் இருக்கும் ஸ்டார்ச் இரண்டு வகை. ஒன்று நேர்ச்சங்கிலி, இன்னொன்று கிளைவிட்டது. கிளைவிட்டதுதான் நன்றாக ஒட்டும். மரவள்ளிக்கிழங்கு மாவில் அது கூடுதல். இரண்டாம் முறை மரவள்ளி மாவு சேர்த்துக் காய்ச்சினேன். மணமும் நன்றாக இருந்தது. உலகம்மாள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இங்கேருங்க, போஸ்டர் ஒட்டப் போறீங்களா, மாட்டுக்குப் பலகாரம் செய்யுதீங்களா?"

"உனக்கு அறிவியல் தெரியாது" என்றேன்.

"எனக்கு மாடு தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பாருங்கள், வாதத்தை அவளும் முடிப்பதில்லை.

இரண்டாவது முறை ஒட்டிய போஸ்டரைக் கையால் உரிக்க முடியவில்லை. அவ்வளவு பிடிப்பு. செண்பகம் அதை நக்கியே எடுத்துவிட்டது. சுண்ணாம்பும் கொஞ்சம் சேர்ந்து வந்துவிட்டது. இந்த முறை அது தனியாகவும் வரவில்லை. டீக்கடையில் ஒருத்தர், "சார் கூட்டத்துக்கு இப்பத்தான் ஆள் சேருது" என்றார். பால்துரை, "கொள்கைய மாடே ஏத்துக்கிட்டு. இனிமே மனுசங்கதான் பாக்கி" என்றார். அவருடைய போஸ்டர் ஒன்றைக்கூட ஒரு மாடும் தொடவில்லை. நான் அருகில் போய்ப் பார்த்தேன். ஓரத்தில் நீலம் தெரிந்தது. விஷப்பசை! ஊரெல்லாம் விஷத்தை ஒட்டி வைத்திருக்கிறார், யாரும் கேட்கவில்லை. நான் நல்ல சாப்பாட்டை ஒட்டி வைத்தேன், என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

கொஞ்சம் இருங்கள், உள்ளே எட்டு போகிறது. நேரம் இருக்கிறது.

பிரச்சாரம் முடிகிற கடைசி நாள் வந்தது. மாலை ஐந்து மணியோடு எல்லாம் நிற்க வேண்டும். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து முக்கில் பேசுவதற்கு எனக்கு நாலரையிலிருந்து ஐந்து வரை நேரம் கொடுத்திருந்தார்கள். சேருக்குப் பால்துரையிடம்தான் போக வேண்டியிருந்தது. எண்பது சேர் அனுப்பினார். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை எழுத்தில் "பால்துரை". அழிக்கவா முடியும்? உட்கார்ந்தால் மறைந்துவிடும் என்று சமாதானம் செய்துகொண்டேன். உட்கார ஆள் வர வேண்டுமே என்று அப்போது தோன்றவில்லை.

அன்று மதியம் கடைசிச் சுற்றுப் போஸ்டருக்காக ஒரு பெரிய அண்டா நிறையப் பசை காய்ச்சினேன். ஐந்து கிலோ மைதா, ஒரு கிலோ மரவள்ளி மாவு. ஆறட்டும் என்று கொல்லையில் வைத்துவிட்டு, பேச்சை மறுபடி பார்க்க உட்கார்ந்தேன். கொல்லைப் படல் சாத்தியிருந்ததா என்று எனக்கு நினைவில்லை. உலகம்மாளுக்கு நினைவிருக்கிறது. சாத்தவில்லையாம்.

நாலரை மணிக்கு முக்கில் மைக்கைப் பிடித்தேன். எண்பது சேரில் ஏழு பேர். அதில் இரண்டு பேர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள். "மதிப்பிற்குரிய ஒன்பதாவது வார்டு" என்று ஆரம்பித்தேன். அப்போது முப்பிடாதி தெருமுனையிலிருந்து தலைவிரிகோலமாக ஓடி வந்தாள்.

"ஏ சாரு! எம் மாட்ட என்னய்யா செஞ்சீரு? வயிறு கல்லு மாதிரி ஊதிக் கெடக்கு. எந்திரிக்க மாட்டேங்கு. வாயெல்லாம் ஒம்ம பசை!"

ஊரில் அத்தனை பேரும் பாலிதீன் தின்றிருக்கும், விஷம் வைத்திருப்பார்கள் என்றுதான் சொல்வார்கள். என்ன தின்றது, எவ்வளவு தின்றது, உள்ளே என்ன நடக்கிறது என்று அந்த ஊரில் தெரிந்த ஆள் நான் ஒருவன். செய்த ஆளும் நான் ஒருவன். முப்பிடாதிக்கு அந்த மாடு ஒன்றுதான். எனக்கு அந்த அரைமணி ஒன்றுதான். மைக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். அணைக்க மறந்துவிட்டேன். என் செருப்புச் சத்தம் ஊருக்கெல்லாம் கேட்டிருக்கிறது. என் பிரச்சாரத்தில் தெளிவாகக் கேட்டது அதுதான் என்று பால்துரை பின்னால் சொன்னார்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். இதே டாக்டரம்மாதான். தேர்தல் வேலைக்கான பயிற்சியில் இருந்தார். "அம்மா, குளுக்கோஸ் மூலக்கூறுகள்" என்று நான் ஆரம்பித்தேன். "சார், எவ்வளவு மாவு? அத மட்டும் சொல்லுங்க" என்றார். ஆறு கிலோ என்றேன். எவ்வளவு ஆப்பச்சோடாவை எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும், எப்படிப் புரையேறாமல் கொடுக்க வேண்டும் என்று சொன்னார். நிற்க வைத்து மெதுவாக நடத்துங்கள், தானாக ஏப்பம் விட வேண்டும், ஏழு மணிக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

சங்கரபாண்டி வந்து மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டார். "மயில்துத்தம் போட்டிருந்தா..." என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டார். இரண்டு பேர் பின்னாலிருந்து தூக்கினார்கள். செண்பகம் எழுந்து நின்றது. நின்றது, அவ்வளவுதான். ஏப்பம் வரவில்லை. செய்தி பரவித் தெரு நிறைந்துவிட்டது. என் கூட்டத்துக்கு வராத அத்தனை பேரும் மாட்டைப் பார்க்க வந்திருந்தார்கள். நூற்றைம்பது பேர் இருப்பார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களும் பஸ்ஸை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

முப்பிடாதி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நாமளும் மாவுதான சாரு தின்னுதோம்? இட்லி, இடியாப்பம், எல்லாம் மாவுதான? மாவு எப்படி மாட்டக் கொல்லும்?"

அண்ணாச்சி, முப்பத்தொரு வருடத்தில் என்னிடம் பாடத்தில் யாரும் சந்தேகம் கேட்டது கிடையாது. மணி எப்போது சார் அடிக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். இதுதான் முதல் சந்தேகம். சரியான சந்தேகம்.

"முப்பிடாதி, ஏப்பம் வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். சொல்கிறேன்" என்றேன். "யாராவது முக்கிலிருந்து சேர்களை எடுத்து வாருங்கள்."

உட்காரத்தான் கேட்கிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். எண்பதும் வந்தது. நான் ஒரு சேரை வைத்தேன். "இது குளுக்கோஸ். ஒற்றைச் சர்க்கரை." பக்கத்தில் இன்னொன்றை அதே முகமாக வைத்தேன். இன்னொன்று, இன்னொன்று. எல்லாம் ஒரே பார்வை. "இப்படிக் கோத்தால் இது ஸ்டார்ச். அரிசி, மைதா, கிழங்கு எல்லாம் இதுதான். இந்த வரிசை நேராக நிற்காது, வளைந்து சுருளும்." வரிசையை வளைத்துக் காட்டினேன். "சுலபமாகப் பிரிக்கலாம். நம் எச்சிலே பிரித்துவிடும். சாப்பாட்டைச் சேமித்து வைப்பதற்காகச் செடி இப்படிக் கோக்கிறது."

வழக்கமாக மணி அடிக்கிற இடம் இதுதான். நான் ஒரு விநாடி நின்றேன். அடிக்கவில்லை.

"இப்போது பாருங்கள்" என்றேன். அடுத்த வரிசையில் ஒரு சேரை நேராக வைத்தேன். அடுத்ததைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். மறுபடி நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று. "அதே சேர்தானே? அதே குளுக்கோஸ். ஒன்றைவிட்டு ஒன்றைப் புரட்டிக் கோத்தால் செல்லுலோஸ். இது வளையாது. கம்பி மாதிரி நீளும். இந்த மாதிரி வரிசைகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் அசைக்க முடியாது. இதைச் சேமிக்க இல்லை, செடி தன்னைக் கட்டிக்கொள்ள வைத்திருக்கிறது. மரம், வைக்கோல், தாள், நீங்கள் உடுத்தியிருக்கிற பருத்தி வேட்டி எல்லாம் இதுதான். காலையில் தின்ற இட்லிக்கும் இடுப்பில் இருக்கிற வேட்டிக்கும் சரக்கு ஒன்று. கோத்த விதம்தான் வேறு."

கூட்டத்தில் ஒருவர் தன் வேட்டியைத் தொட்டுப் பார்த்தார். நான் பார்த்தேன்.

எல்லாரும் சேரைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். "சார், இது நேரா, கவுத்தா?" "ஏலே, உன் பக்கத்துல நேராத்தான இருக்கு, நீ கவுத்து!" தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் செல்லுலோஸ் போய்விட்டது. மாட்டின் வயிற்றில் இருக்கிற உயிர்களுக்கு இந்தக் கவிழ்த்த வரிசையைப் பிரிக்கத் தெரியும், நிதானமாகப் பிரிப்பார்கள், மாடு நிதானமாக வாழும் என்று சொன்னேன். திடீரென்று ஆறு கிலோ ஸ்டார்ச் உள்ளே போனால் வேறொரு கூட்டம் பெருகி, அவசரமாகத் தின்று, புளிக்க வைத்துவிடும். அந்தப் புளிப்பில் பழைய குடித்தனக்காரர்கள் செத்துவிடுவார்கள். மாட்டைக் கொல்வது மாவு இல்லை, அந்தப் புளிப்பு. ஆப்பச்சோடா அதை முறிக்கிறது. அவ்வளவும் சொன்னேன். யாரும் எழுந்து போகவில்லை. உட்காரவே சேர் இல்லை, எல்லாம் பாடத்தில் இருந்தது. அடுத்து ஈரலில் சேர்கிற கிளைகோஜனுக்குப் போனேன். கரப்பான்பூச்சியின் ஓட்டில் இருக்கிற கைட்டினை ஆரம்பிக்கும்போது செண்பகம் ஏப்பம் விட்டது.

அப்படி ஒரு ஏப்பத்தை நான் கேட்டதில்லை. ஊரே கைதட்டியது. பாடத்துக்கா ஏப்பத்துக்கா என்று கேட்காதீர்கள்.

டாக்டரம்மா ஏழு மணிக்கு வந்து ஊசி போட்டார். பிழைத்துக்கொள்ளும் என்றார். அவர் கிளம்புவதற்குள் பால்துரை தேர்தல் அதிகாரியோடு வந்துவிட்டார். நேரம் முடிந்த பிறகு இரண்டு மணி நேரம் கூட்டம் கூட்டிப் பிரச்சாரம் செய்திருக்கிறார், இவரைத் தகுதி நீக்கம் செய்ய வேண்டும் என்று புகார். சேரெல்லாம் கவிழ்த்துப் போட்டிருக்கிறது என்று தனிப் புகார்.

அதிகாரி நல்ல மனிதர். களைத்துப் போயிருந்தார். முப்பிடாதியைக் கூப்பிட்டு, "இவர் ஓட்டுக் கேட்டாராம்மா?" என்று கேட்டார்.

"ஓட்டா? எங்க சார் கேட்டாரு? மாட்டு வயித்துக்குள்ள குடித்தனம் இருக்குன்னாரு. வேட்டியும் இட்லியும் ஒண்ணுன்னாரு. ஓட்டுன்னு ஒரு வார்த்த வரல."

இன்னும் நாலு பேரைக் கேட்டார். எல்லாரும் சத்தியம் செய்தார்கள். "சின்னத்தக்கூடச் சொல்லல சார்." "நிக்குதாருங்கதே மறந்துபோச்சு சார்." அதிகாரி தெருவைப் பார்த்தார். எண்பது சேர். நேராகவும் தலைகீழாகவும், முதுகில் வெள்ளை எழுத்தோடு, தெரு நீளத்துக்கு.

"நீங்கதான பால்துரை?" என்று அவரைக் கேட்டார். "நேரம் முடிஞ்ச பெறகு இங்க ஒருத்தர் பேருக்குத்தான் விளம்பரம் நடந்திருக்கு. அது உங்க பேரு. புகார் எழுதணுமா, வேண்டாமா?"

பால்துரை வேண்டாம் என்றார். எனக்கு முழு விடுதலை. இன்றைக்கும் எனக்கு அதில் பெருமைதான்.

வாக்கு எண்ணினார்கள். பால்துரை முந்நூற்றுப் பதினெட்டு. நான் ஒன்பது. ஒன்பதாவது வார்டில் ஒன்பது என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். வீட்டில் நாங்கள் மூன்று பேர், சங்கரபாண்டி வீட்டில் இரண்டு பேர். மீதி நாலு யார் என்று நான் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். வீட்டில் மூன்றும் எனக்குத்தானே என்று உலகம்மாளிடம் கேட்டேன். "ரகசிய வாக்கெடுப்புன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?" என்றாள். அப்படியானால் மீதி ஐந்தாகவும் இருக்கலாம்.

முப்பிடாதியிடம் நேராகவே கேட்டுவிட்டேன். மாட்டைக் காப்பாற்றினேனே, எனக்குத்தானே போட்டாய்? அவள் ஒளிக்கவில்லை. "காப்பாத்துனீரு சாரு, இல்லேங்கல. ஆனா பால்துரை போஸ்டர எம் மாடு மோந்துகூடப் பாக்கல. அவரால அதுக்கு ஒரு தொந்தரவும் கெடையாது. நான் அவருக்குத்தான் போட்டேன்."

கேட்டீர்களா அண்ணாச்சி? விஷம் கலந்தவர் மாட்டுக்கு நல்லவர். நான் கெட்டவன். இதை எந்தச் சபையில் போய்ச் சொல்வது? சொல்வதற்கு ஐந்து நிமிடம் வேண்டுமே. அது பால்துரையிடம் இருக்கிறது. போன கூட்டத்தில் அவர் எழுந்து, "எல்லாருக்கும் வணக்கம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். நாலேமுக்கால் நிமிடம் வீண்.

செண்பகத்துக்கு வைக்கோல் இப்போதும் பிடிக்கவில்லை. சுவரைப் பார்த்தால் இழுக்கிறது. "நீருதான பழக்கினீரு, நீரே கொண்டுபோய்க் காட்டும்" என்று முப்பிடாதி சொல்லிவிட்டாள். அதனால் வாரம் ஒரு நாள் இங்கே வருகிறேன். வந்த இடத்தில் உங்களைப் போல யாராவது இருப்பார்கள். எல்லாரும் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறேன் என்று பாதியில் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் ஒருவர்தான் கடைசி வரைக்கும் கேட்டீர்கள். உங்களுக்குப் பெரிய மனது. கைட்டினும் கொஞ்சம் மீதி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

என்ன கூப்பிடுகிறார்? பத்தொன்பதா? பதினேழும் பதினெட்டும் எப்போது போயின? இருங்கள், நான் பேசுகிறேன். ஏம்பா, நாங்கள் பதின்மூன்றும் பதினான்கும். இங்கேயேதான் இருந்தோம்... டோக்கனைக் காட்டினால் விடுகிறானாம். இந்தாருங்கள், என்னுடையது. உங்களுடையதை எடுங்கள். சட்டைப் பையில் பாருங்கள். பெஞ்சில் வைத்தீர்களா? இந்தப் பக்கம்தானே வைத்தீர்கள், மஞ்சள் தாள்?

அண்ணாச்சி, கிடா வாயோரம் மஞ்சளாக ஒரு மூலை தெரிகிறது. பதினான்கில் நாலு மட்டும்தான் இருக்கிறது. ஒன்று போய்விட்டது.